நகைக்கடை விளம்பரத்தில் நம் பெண்கள் எங்கே?

ஐயா,

முகூர்த்த நாட்கள் வந்தாலே தொலைக்காட்சியில் நகைக்கடை விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. மணப்பெண் எப்போதும் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கிறாள். அப்பா கண் கலங்குகிறார், அவள் தலை குனிகிறாள். அரை நிமிடத்துக்குள் கதை சொல்லியாக வேண்டும் என்பதால், பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே ஊறிய எண்ணத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். சரி, அது அவர்கள் தொழில் வசதி. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்படுகிறதே!

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, நிறம் மாறினால் வரனும் வேலையும் வரும் என்று சொல்லியே பல காலம் விற்றது. 2020-இல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். கறுத்த நிறத்தவரை அழகற்றவராக, தோற்றவராகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அவர்களைக் காட்டாமலே விட்டுவிடுவதை எந்த விதி தடுக்கும்? என் வகுப்பில் தங்கள் முகத்தை வரையும் பிள்ளைகள் ரோஸ் கிரேயானைத்தான் தேடி எடுக்கிறார்கள். பார்க்கவே மனது தாங்கவில்லை.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்று கேட்டு வருவதை இனி வாங்க மாட்டோம் என்று உங்கள் நாளிதழ் அறிவிக்க வேண்டும்.

- ஆரம்பப் பள்ளி ஆசிரியை, விருதுநகர்