கப்பல் மாறினால் மீன் கணக்கு

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் விடிய விடிய சனம்.

சரி, மகளின் விஷயத்துக்கு வருகிறேன். ருகுணு பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு நல்ல தலைப்பைத்தான் எடுத்திருக்கிறாள். ‘டொக்டர் ஃபிரிட்ஜொவ் நான்சன்’ என்ற நோர்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை நம் இலங்கைக் கடலின் மீன்வளத்தை அளந்தது. 2018இல் அதே பெயரில் ஒரு கப்பல் வந்து மறுபடி அளந்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நாற்பது வருடத்தில் போன மீன் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்கிறாள். அவசரப்பட வேண்டாம் என்று சொல். பெயர்தான் ஒன்று, கப்பல் வேறு. முதலில் வந்தது எழுபதுகளில் கட்டியது. பிறகு வந்தது, 2017இல் சேவைக்கு வந்த மூன்றாவது நான்சன்.

தோட்டத்தில் தராசை மாற்றியபோது நடந்த சண்டை உனக்கும் மறந்திருக்காது. பழைய தராசில் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழுந்த கொழுந்துக்குப் புதியதில் அரைப் பேர்தான். உன் அம்மாதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே சாக்கை நிறுக்கச் சொன்னார். கடலடியில் வலை இழுத்து மீனை அளக்கும் கப்பல்களுக்கும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு வித்தியாசம்: தராசில் எது சரி என்று படிக்கல் சொல்லிவிடும். வலைக்குப் படிக்கல் கிடையாது. கடலடியில் உண்மையில் எத்தனை மீன் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த வலைக்கு இவ்வளவு விழுந்தால் அந்த வலைக்கு எவ்வளவு விழும் என்ற விகிதம் மட்டும்தான் கைக்கு வரும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை. 1963 முதல் ஆய்வு செய்துவந்த ‘அல்பட்ரோஸ் 4’க்குப் பதிலாக 2009இல் ‘ஹென்றி பி. பிகெலோ’ வந்தது. அதற்கு முந்தைய வருடமே இரண்டும் அருகருகே 600 தடவைக்கு மேல் வலை இழுத்தன. பழையது 3.8 நொட் வேகத்தில் அரை மணி நேரம் இழுக்கும். புதியது 3 நொட்டில் 20 நிமிடம்தான். அதன் வலை பெரிது, என்ஜின் சத்தமும் குறைவு. குறைந்த நேரம் இழுத்தும் பல இனங்களில் அதற்கே கூடுதலாக விழுந்தது. அந்த விகிதம் தெரியாதவர், கடலில் மீன் திடீரெனப் பெருகிவிட்டது என்றுதான் எழுதியிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எல்லா மீனுக்கும் ஒரே விகிதம் போட முடியாது. தட்டை மீனுக்கு ஒன்று, கொட் மீனுக்கு வேறு. கொட்டிலேயே சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒன்றல்ல. குஞ்சு மீனில்தான் இரண்டு வலைக்கும் இடைவெளி அதிகம். அதனால் நீள வாரியாகவும் கணக்குப் போட்டார்கள். அரிதான இனங்களில் பெரிய சிக்கல். இரண்டு வலையிலும் பூச்சியம் விழுந்தால் அந்த இழுப்பு விகிதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. இன்னொன்று, புதிய கப்பல் ஆழமான தண்ணீர் கேட்பது. கரையோர ஆழமற்ற பகுதிக்குள் அதனால் போக முடியவில்லை. அங்கே எந்த விகிதமும் உதவாது.

இப்படிச் சேர்ந்து ஓட்டுவதற்குச் செலவு அதிகம். பணம் ஒதுக்குபவர்களுக்கு இது வீண் செலவாகத் தோன்றும். எனக்கோ இதுதான் ஆய்வின் உயிர்நாடி. பழைய கப்பலை ஒதுக்கிய பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தச் சந்தர்ப்பம் திரும்பாது. முதல் நான்சன் 1993இலேயே ஓய்வு பெற்றுவிட்டது. மூன்றாவதோடு அது பக்கத்தில் ஓடியதே இல்லை.

அதற்காகத் தலைப்பை விட்டுவிட வேண்டாம். இரண்டு ஆய்விலும் ஒவ்வொரு இழுப்பின் நேரம், வேகம், வலையின் வாய் அகலம், கண்ணி அளவு, ஆழம், இரவா பகலா என்ற விவரங்களைத் தேடச் சொல். வலை வாரிய பரப்புக்குத் தக்கபடி பிடிபாட்டைப் பிரித்துப் பார்ப்பது முதல் படி. வலைக்கு முன்னால் விலகி ஓடும் மீனை அது கணக்கில் எடுக்காது என்பதையும் ஆய்வில் தெளிவாக எழுதட்டும். எந்த இனம் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற ஒப்பீட்டை, மொத்தத் தொகையை விடக் கொஞ்சம் தைரியமாகச் செய்யலாம். ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்து மீனை அளக்கும் கருவியின் கணக்கைத் தனியாக வைக்க வேண்டும். அந்தக் கருவியைக் கப்பலுக்கு அடியில் ஓர் உலோகக் குண்டைத் தொங்கவிட்டுச் சரிபார்ப்பார்கள். வலைக்கு அந்த வசதி இல்லை.

அட்டவணைகள் கிடைத்ததும் மாமாவுக்கு அனுப்பச் சொல். லீவுக்கு வரும்போது இங்கே நாலு நாள் தங்கினால் சேர்ந்தே உட்கார்ந்து பார்த்துவிடலாம். தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்