லாவோஸ் எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வியட்நாம் பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘1975 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு போர் முடிந்தது, சம்பந்தப்பட்ட இரு நாடுகளும் பழசை மறந்து கைகுலுக்கிவிட்டன.’ அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

வியட்நாம், அமெரிக்கா என்று இரண்டே நாடுகளா? லாவோஸும் கம்போடியாவும் என்ன ஆயின? 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன என்பது தாங்கள் அறியாததல்ல. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய குட்டிக் குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்று கணக்கிடுகிறார்கள்.

நான் சாலைப் பொறியாளராக லாவோஸின் சியாங் குவாங் மாகாணத்தில் வேலை பார்த்தவன். அங்கே ரோடு போட வேண்டுமென்றால் புல்டோசருக்கு முன்னால் குண்டு தேடும் ஆட்கள் வரவேண்டும். கயிறு கட்டி நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, கருவியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். சத்தம் வந்தால் அத்தனை பேரும் அப்படியே நிற்போம். பெரும்பாலும் துருப்பிடித்த இரும்புத் துண்டுதான் கிடைக்கும். ஒருநாள் மழைநீர் வாய்க்கால் வெட்டவிருந்த இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், டென்னிஸ் பந்து அளவில் ஓர் உருண்டை கிடந்தது. அந்த ஊர்க்காரர்கள் ‘பொம்பி’ என்பார்கள். பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று கையில் எடுப்பது இதைத்தான்.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மாவின் மகனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. மூங்கில் குருத்து தோண்டப் போன இடத்தில் மண்வெட்டி பட்டு வெடித்தது. போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்த பையன் அவன். அவனிடம் போய் ஏப்ரல் 30 என்று யார் சொல்வது?

தங்கள் இதழில் இது புதிதும் அல்ல. முன்பு ஒருமுறை வாஷிங்டன் நினைவுச் சுவரில் பெயர் பொறித்த 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றிப் போட்டீர்கள். சரி, போடவேண்டியதுதான். மாண்டுபோன வியட்நாமியரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காட்டை அழிக்க அமெரிக்கப் படை தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ என்ற நச்சுக் களைக்கொல்லி பற்றிய கட்டுரையும் அப்படியே. ரசாயன நிறுவனங்கள் 1984-இல் அமெரிக்க வீரர்களுக்கு 18 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதை விவரமாக எழுதினீர்கள். அதே மருந்து தெளிக்கப்பட்ட ஊர்களின் வியட்நாமியர் தொடுத்த வழக்கை 2005-இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும், 2009-இல் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்ததையும் விட்டுவிட்டீர்கள். அப்போதே கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

கைகுலுக்கியதையும் பார்ப்போம். 1973-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வியட்நாமுக்கு எழுத்தில் சொன்ன 325 கோடி டாலர் சீரமைப்பு உதவி வரவே இல்லை. அமெரிக்காவின் வர்த்தகத் தடை 1994 வரை நீடித்தது. 1997-இல், தோற்றுப்போன தென் வியட்நாமின் சைகோன் அரசு அமெரிக்காவிடம் வாங்கிய கடனில் சுமார் 14.5 கோடி டாலரைத் திருப்பித் தர வியட்நாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஊரை அழித்தவனுக்கே கடன் கட்டுவதற்குப் பெயர் பழசை மறப்பதா? அவ்வளவு ஏன், 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் வியட்நாமின் குவாங் ட்ரி மாகாணத்தில் குண்டு அகற்றும் வேலை பாதியில் நின்றது. முடிந்த போருக்கு இத்தனை மிச்சமா?

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபமில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறார். ஆனால் தங்கள் மேசையைத் தாண்டி அந்த வரி அச்சேறியதுதான் வருத்தம். இத்தனை காலம் தங்கள் இதழை நம்பிப் படித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் வியட்நாமுக்கு மேற்கே வெறும் சாம்பல் நிறமாக விட்டிருக்கிறீர்கள். இணையப் பதிப்பிலாவது அங்கே லாவோஸ், கம்போடியா என்று பெயர் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்