புளியமரம் என்றால் இயற்கை என்று எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு,

தங்கள் மாணவர் இணைப்பிதழில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நாவலைப் பற்றி வந்த குறிப்பு, "புளியமரம் இயற்கையின் குறியீடு, மையக்கருத்து இயற்கை அழிப்பு" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் அப்படியே இறக்கிவைப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

குறியீட்டுக்கு முதல் பக்கத்திலேயே பொருள் சொல்லிவிட முடியாது. நாவல் வளர வளரத்தான் அது கனம் பெறும். மரம் வரும் பக்கங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு, நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: யார் பார்க்கிறார், அவருக்கு மரம் என்னவாகத் தெரிகிறது, அதனால் யாருக்கு ஆதாயம். நாவலில் ஊர்க்கதை சொல்லும் முதியவரான தாமோதர ஆசானின் வாயில் மரம் பழங்கதை. அந்தக் காலத்தில் அது குளத்து நடுவே நிற்கிறது. குளம் தூர்ந்து ஊர் பெருத்த பிறகு நாற்சந்தியின் நிழல். நகராட்சிக்கு ஏலத்தில் விடும் மகசூல். வியாபாரப் போட்டியும் அரசியலும் முற்றும்போது இரு தரப்புக்கும் பகடைக்காய். கடைசியில் விஷம் வைத்துக் கொல்கிறார்கள். இத்தனைக்கும் மரம் எதுவும் செய்யவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது. மாறுவதெல்லாம் இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும்தான். கருத்து அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

"இயற்கை", "பேராசை" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அது தலைப்பு, மையக்கருத்து ஆகாது. எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியமாக எழுத வேண்டும்: 'தனக்கென்று எதையும் கேட்காத ஒன்றின் மீது ஊர் தன் ஆசைகளை ஏற்றுகிறது, கணக்கு மாறும்போது அதையே பலியிடுகிறது.' எழுதியதும் அதற்கு ஒத்துவராத இடத்தைத் தேட வேண்டும். நாவலில் வரும் காற்றாடி மரத் (சவுக்கு) தோப்பு அப்படியோர் இடம். அதைப் பகையில் யாரும் வெட்டவில்லை. பூங்கா அமைக்க, ஊரை அழகாக்க வெட்டுகிறார்கள். இரண்டையும் "இயற்கை அழிப்பு" என்று ஒரே கட்டாகக் கட்டினால் நாவல் பிரித்துக் காட்டும் வேறுபாடு தொலைந்துபோகும்.

அந்தத் தோப்புப் பகுதியில் மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்றும் உண்டு. மரத்தை வெட்டுவது எதற்கு என்று நாவலில் ஒருவர் கேட்க, செடி வைக்க என்று பதில் வருகிறது. 'போல', 'அன்ன' என்று உவம உருபு எதுவும் இல்லாததால் அடிக்கோடிடாமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் வளர்ச்சி பற்றிய நாவலின் கூர்மையான அங்கதம் அந்தச் சாதாரணப் பேச்சில்தான் இருக்கிறது. அணியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்ணே தகும்.

அடுத்த இணைப்பிதழில் ஏதேனும் ஒரு நாவலிலிருந்து அரைப்பக்கத்தை அப்படியே அச்சிட்டு, எந்தச் சொல்லில் நின்று எந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை ஓரக்குறிப்புகளோடு காட்டுங்கள். வகுப்பில் கரும்பலகையருகே வைத்துப் பாடம் நடத்த அதுதான் உதவும்.

தமிழாசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்