பேத்தியின் கண்ணும் வேகஸ் நரம்பும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பேத்திக்கு மாறுகண் ஆபரேஷன் முடிவாகிவிட்டதில் சந்தோஷம். "கண்ணில்தானே கை வைக்கிறார்கள், நெஞ்சில் எதற்கு அத்தனை வயர்?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவனைச் சரியான இடத்தில்தான் சீண்டியிருக்கிறாய்.

ஒரு கண்ணைத் திருப்ப ஆறு தசைகள். சர்ஜன் மூக்கோரத் தசைக்கு அடியில் சின்னக் கொக்கியை விட்டு இழுப்பார். அதுவரை நிமிடத்துக்கு 120 துடிப்பில் ஓடிக்கொண்டிருந்த இதய மானிட்டரின் சத்தம் திடீரென்று இடைவெளி விடும். பீப்... பீப்... ஒருமுறை அறுபதுக்கு இறங்கி, எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "சார், கொஞ்சம் விடுங்க" என்பேன். கொக்கி தளர்ந்த சில நொடியில் பழையபடி ஓடும். ஓடாவிட்டால், துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மறுபடி மறுபடி இழுத்தால் இந்த அனிச்சையே சலித்துப்போய்விடும், அது தனி வேடிக்கை.

சேதி போகும் வழி இது: தசையிலிருந்து கிளம்பி, டிரைஜெமினல் என்ற ஐந்தாம் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு. அங்கிருந்து வேகஸ் நரம்பில் இதயத்துக்கு. பெயரில்தான் வேகம், செய்வது பிரேக் வேலை. 1908இல் வியன்னாவில் ஆஷ்னர், இத்தாலியில் டக்னீனி என்ற இரண்டு டாக்டர்கள் இதைத் தனித்தனியாக எழுதிவைத்தார்கள்.

என்னைக் குடைவது வேறு. இதயம் வரை போகிற இந்தச் சேதி, கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூளைக்கும் சொல்கிறதா? ஒரு கண்ணை மூடிக்கொள். மற்றதன் வெளியோரத்தை இமைக்கு மேலாக விரலால் மெல்லத் தள்ளு. சுவர் நகரும். நீயாகக் கண்ணைத் திருப்பினால் நகராது. ஆகவே மூளை, தான் போட்ட உத்தரவை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது என்றார் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். இல்லை, தசையும் தகவல் அனுப்புகிறது என்றார் ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன், 1918இல். சண்டை லேசில் ஓயவில்லை. 2007இல் குரங்கின் மூளையில், உடலுணர்வுப் பகுதியிலேயே, கண் இருக்கும் நிலையைக் குறிக்கும் செல்களைக் கண்டார்கள். கண்குழியில் மரப்பு மருந்து போட்டதும் அந்தக் குறிப்பு மறைந்துபோனது. ஆக, தசை பேசத்தான் செய்கிறது. ஆனால் கண் திரும்பி முடித்த பிறகே சேதி வந்து சேர்கிறது. உத்தரவை நம்பி வேலையை முடித்துவிட்டு, பிறகு ரசீதைச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை மாதிரி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, பேத்தி விஷயம். வெறும் வயிறு என்று சொன்னால் ஒரு பிஸ்கட் கூடக் கூடாது, பாட்டியிடம் கண்டிப்பாகச் சொல். அன்று சாயங்காலம் வாந்தி எடுக்கலாம், இந்த ஆபரேஷனில் அது சகஜம், பதறாதே. அப்புறம், கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறாய் என்றால் அந்த விரல் பரீட்சை உனக்கு வேண்டாம். மாப்பிள்ளையைச் செய்யச் சொல்லி, சுவர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டு எழுது.

உன்,
மணி