பதினோராவது நிமிடத்தில் நிறுத்திய தேர்வுக்குழுவுக்கு

திரைப்பட விழாத் தேர்வுக்குழுவினருக்கு வணக்கம்.

என் படத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற உங்கள் பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த முறை மிகத் தரமான படங்கள் வந்திருந்தன, தேர்வு செய்வது கடினமாக இருந்தது, உங்கள் முயற்சிகள் தொடர வாழ்த்துகள். இதே மூன்று வரிகள் இதுவரை ஏழு விழாக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டன. அதற்காக இந்த மடலை எழுதவில்லை. நான் அடிப்படையில் நடிகன். 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். நிராகரிப்பு எங்கள் தொழிலில் மழை மாதிரி, நனைந்துகொண்டே நடக்க வேண்டியதுதான்.

எழுத வைத்தது வேறொன்று. படத்தைக் கடவுச்சொல் போட்ட இணைப்பாகத்தான் உங்களுக்கு அனுப்பியிருந்தேன். யாராவது பார்த்தால் எந்தத் தேதியில், எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்று அந்தத் தளம் எனக்குச் சொல்லிவிடும். உங்களில் பலருக்கு இது தெரியாதோ என்று இப்போது தோன்றுகிறது. என் படம் 88 நிமிடம். உங்களுக்காகவே தனியாக உருவாக்கிய அந்த இணைப்பு ஒரே ஒரு முறை திறக்கப்பட்டது. பார்த்த நேரம் 11 நிமிடம்.

இணையத் தொடர்பு அறுந்திருக்கலாம். பார்த்தவருக்கு அன்று தலைவலியாக இருந்திருக்கலாம். முதல் பதினோரு நிமிடமே போதும் என்னும் அளவுக்குப் படம் மோசமாக இருந்திருக்கலாம், அதையும் நான் மறுக்கவில்லை. உங்கள் பக்கத்துக் கணக்கும் எனக்குத் தெரியும். 2025ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்கு வந்து குவிந்த குறும்படங்கள் 11,153, தேர்வானவை 57. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், ஒரே ஆள் அத்தனையையும் பார்க்கத் தூங்காமல் 77 நாள் உட்கார வேண்டும். பல விழாக்களில் முதல் சல்லடை தன்னார்வலர்கள் கையில் இருக்கிறது. பகல் வேலை முடித்துவிட்டு, இரவில் மடிக்கணினியைத் திறந்து வரிசையாகப் பார்க்கிறவர்கள் அவர்கள். நானும் பகல் வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் எடிட் செய்தவன்தான். ஒரே சோர்வின் இரண்டு முனைகளில் இருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படத்துக்கு நடிகர்கள் தேவை என்று அறிவித்தபோது 140 செல்ஃப் டேப்கள் வந்தன, அதாவது நடிகர்கள் தாங்களே நடித்துப் பதிவு செய்து அனுப்பும் காணொளிகள். வாழ்க்கையில் முதல்முறையாக மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் இருபது வினாடியில் மூட ஆரம்பித்துவிட்டேன். பின்னால் மின்விசிறிச் சத்தம், மூடு. முகத்தில் வெளிச்சமில்லை, மூடு. என்னை எத்தனை பேர் இப்படி மூடியிருப்பார்கள் என்ற நினைப்பே வரவில்லை, பாருங்கள். அந்தப் பக்கத்து நாற்காலிக்கு அப்படியொரு குணம் இருக்கிறது. என் ஒளிப்பதிவாளர்தான், நான் தள்ளிய ஒரு டேப்பைக் கடைசிவரை ஓட விட்டார். வசனத்தைச் சாதாரணமாகச் சொல்லி முடித்த அந்தப் பெண், முடிந்துவிட்டது என்று நினைத்து கேமராவை அணைக்க எழுந்து வருகிறார். அந்த மூன்று வினாடியில் அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் வந்து போனது. என் கதாநாயகியின் முகம் அதுதான். அவர் இல்லாமல் இந்தப் படம் இல்லை. இருபதாவது வினாடியில் நான் அவரைத் தொலைத்திருந்தேன்.

ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த 88 நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் உரிமை மட்டும் உண்டு.

பதினான்கு மாதங்கள், சனி ஞாயிறுகளில் மட்டும் படப்பிடிப்பு. இது ஒன்றும் புதிய வீரமல்ல. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998) இப்படித்தான், வாரம் முழுக்க வேலைக்குப் போன நண்பர்களை வைத்து, ஏறக்குறைய ஓராண்டு சனிக்கிழமைகளில் எடுக்கப்பட்டது. ஃபிலிம் செலவாகிவிடும் என்பதால் நாடகம் போல ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். எங்களுக்கு ஃபிலிம் செலவு இல்லை, மெமரி கார்டுதான். ஆனால் நேரம் ஃபிலிமைவிட விலை கூடியது. இரவல் வாங்கிய அறையை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்றால் எட்டாவது டேக் என்ற பேச்சே கிடையாது.

நடித்துக்கொண்டே இயக்குவதில் ஒரு தனித் தொல்லை உண்டு. நான் கேமரா முன் நிற்கும்போது மானிட்டரைப் பார்க்க ஆளில்லை. ஒவ்வொரு டேக்கையும் பின்னால் ஓட்டிப் பார்த்தால் நாள் பாதியாகிவிடும்; பார்க்காவிட்டால், நன்றாக நடித்தோமா என்பது வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். எதிரில் அழுதுகொண்டிருக்கும் சக நடிகரின் கண்ணைப் பார்த்தபடியே, மைக் ஃபிரேமுக்குள் இறங்குகிறதா என்று மனதின் ஓரத்தில் ஒருவன் கவனித்துக்கொண்டிருப்பான். அவனைத் துரத்தக் கற்றுக்கொள்ளவே எனக்கு நான்கு மாதம் ஆனது. முதல் நான்கு மாதக் காட்சிகளில் என் நடிப்பு கொஞ்சம் விறைப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். படத்தின் தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் அந்தக் காட்சிகளே, அதாவது நீங்கள் பார்த்த பதினோரு நிமிடம்.

முடியும் தாடியும் வேறு. பதினான்கு மாதமும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இடையில் ஒரு பெரிய படத்தில் நான்கு நாள் வேடம் வந்தது, மொட்டை அடிக்க வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டேன். அந்தச் சம்பளம் இருந்திருந்தால் ஒலிக்கலவையை நல்ல இடத்தில் செய்திருக்கலாம். என் நண்பனாக நடித்தவருக்கு வேலை மாற்றமாகி வெகுதூரம் போய்விட்டார். இருவரும் நேருக்கு நேர் சண்டை போடும் காட்சியைத் தொலைபேசிச் சண்டையாக மாற்றி எழுதினேன். அது முன்பைவிட நன்றாக வந்தது. இல்லாமை சில நேரம் நல்ல எழுத்தாளர், அதற்காக அதை யாரும் புகழ வேண்டாம்.

ஒலி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வசனம் பதிவாகும்போது குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் விழக்கூடாது என்று அதை அணைத்துவிடுவோம். மறுபடி போட மறந்தால் வீட்டுக்காரர் அடுத்த வாரம் கதவைத் திறக்க மாட்டார். அதற்கு ஒலிப்பதிவாளர்களிடம் பழைய உத்தி ஒன்று இருக்கிறது: வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது. சாவி இல்லாமல் கிளம்ப முடியாதல்லவா? ஞாயிறு இரவுகளில் சில்லிட்ட சாவியைக் கையில் பிடித்தபடி வண்டியை எடுப்பேன். இந்தப் படத்தை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்தக் குளிர்தான்.

தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்த படம் என்றதும் உங்களில் சிலர் உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரியும். தன்னைத்தானே பார்த்து ரசிக்க எடுத்த படம் என்ற எண்ணம். சில படங்கள் அப்படி இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் என் போன்றவர்கள் தங்களையே நடிக்க வைப்பதன் காரணம் பெரும்பாலும் எளிமையானது: பதினான்கு மாதம் சம்பளமில்லாமல், முடி வெட்டாமல், கூப்பிட்ட நேரத்துக்கு வரும் ஒரே நடிகன் நான்தான். அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஜான் கசவெட்டிஸ் பிறர் படங்களில் நடித்துச் சம்பாதித்ததைப் போட்டுத் தன் வீட்டிலேயே 'ஃபேசஸ்' (1968) படத்தை எடுத்தார். நடிப்பு அவருக்குக் கனவாகவும் இருந்தது, கனவுக்கான கூலியாகவும் இருந்தது. எனக்கு வரும் நான்கு வரி வேடங்களும் அப்படித்தான் செலவாகின்றன.

அடுத்தது காத்திருப்பு. படத்தின் முதல் திரையிடல் தங்கள் விழாவிலேயே இருக்க வேண்டும் என்று பல விழாக்கள் கேட்கின்றன. படத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு ஐந்தாறு மாதம் வேறெங்கும் காட்டாமல், இணையத்திலும் ஏற்றாமல் பூட்டி வைக்கிறோம். அதே விழாக்களின் விதிகளில், படம் அண்மையில் முடிந்ததாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டு வரிசைகளில் நின்று வெளியே வந்தால் படம் பழசாகிவிடுகிறது. படம் கெட்டுப்போகவில்லை, உங்கள் வாசலில் நின்றே அதற்கு வயதாகிவிட்டது.

அதனால் சிலவற்றைக் கேட்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. முழுதாகப் பார்க்க முடியாது என்றால், எத்தனை நிமிடம் பார்ப்போம் என்று விதிகளிலேயே எழுதிவிடுங்கள். முதல் இருபது நிமிடம் மட்டும் என்று தெரிந்தால், அனுப்பலாமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். சென்ற ஆண்டு திரையிட்டவற்றில் நுழைவுக் கட்டணம் கட்டி வந்த படங்கள் எத்தனை, நீங்களே அழைத்துக்கொண்டவை எத்தனை என்று வெளியிடுங்கள். அழைப்பதில் தவறில்லை, ஆனால் ஏறக்குறைய எல்லா இருக்கையையும் அழைத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டுக்கு ஆயிரம் பேரிடம் கட்டணம் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. கடைசித் தேதி நெருங்க நெருங்க ஏற்றும் கட்டணத்தில் ஒரு பங்கையாவது, பார்க்கிறவர்களுக்குக் கூலியாகக் கொடுங்கள். கூலி வாங்கியவர் பன்னிரண்டாவது நிமிடத்துக்கும் வருவார் என்று நம்புகிறேன்.

1956இல் பிரான்ஸின் கான் விழாவில் சத்யஜித் ரேயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' திரையிடப்பட்ட நேரம் ஒரு விருந்து நேரத்தோடு மோதியது. அரங்கில் மிகச் சில விமர்சகர்களே இருந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, பணம் தீர்ந்து நின்று நின்று எடுக்கப்பட்ட படம் அது. 'சிறந்த மனித ஆவணம்' என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. என் படத்தை அதனோடு ஒப்பிடும் அளவுக்கு எனக்குப் பித்துப் பிடிக்கவில்லை. அந்த விருந்துக்குப் போகாமல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்று மட்டும் அவ்வப்போது யோசிப்பேன்.

உங்கள் பதில் வந்த வாரம் நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: நடுவில் வரும் அந்த மருத்துவமனைக் காட்சியைத் தூக்கி முதல் ஐந்து நிமிடத்தில் வை, பார்க்கிறவன் நகர மாட்டான். ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து அப்படியே வெட்டிப் பார்த்தேன். காட்சி வேலை செய்தது, படம் செத்துப்போனது. கதாநாயகி யாரென்றே தெரியாமல் அவள் அழுவதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. விடியற்காலையில் பழைய டைம்லைனைத் திறந்து எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இணைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கடவுச்சொல்லையும் மாற்றவில்லை. முதல் பதினோரு நிமிடத்தை மறுபடி பார்க்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் அவள் கதவைத் தட்டுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் ஓர் எண்