தெரு வடிகாலில் குழாயைச் சேர்க்கும் முன்: நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மாடிக் குழாய்களை எல்லாம் தெரு வடிகாலில் நேராகச் சேர்த்து, வாசலுக்கும் சிமென்ட் பூசிவிட்டால் தண்ணீர் தேங்காது என்று தீர்மானம் போடுகிறீர்கள். தேங்காதுதான். ஆனால் மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. வடிகாலில் விழுவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்கோ ஆற்றுக்கோதான் போகிறது. கார் கழுவிய சோப்பு, சொட்டிய ஆயில், நாய்க் கழிவு, செடிக்குப் போட்ட யூரியா எல்லாம் அதோடு சேர்த்தி.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். அப்படியானால் 100 சதுர மீட்டர் மாடியில் 25 மி.மீ. மழைக்கு 2,500 லிட்டர். ஆவியாவது, தெறிப்பது போக 2,200 லிட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு வீடும் இதை ஒரே நேரத்தில் வடிகாலில் தள்ளினால் வாய்க்கால் கரை அரிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு நீங்கள் சொல்லும் பதில் உறிஞ்சு குழி. நல்லதுதான், ஆனால் அதன் கொள்ளளவை யாரும் கணக்குப் போடுவதில்லை. 1 மீட்டர் நீள அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள குழியை ஜல்லியால் நிரப்பினால், கல்லுக்கு இடையே தண்ணீர் நிற்க 40 சதவீத இடம்தான் மிஞ்சும். அதாவது 600 லிட்டர். மிச்சத்துக்கு வழிகுழாய் வைக்காவிட்டால் தண்ணீர் அஸ்திவாரத்தைத் தேடிப் போகும்.

முதல் மழையைத் திருப்பிவிடும் குழாயிலும் இதே கோளாறு. தூசியும் பறவை எச்சமும் முதல் 1 மி.மீ. மழையில்தான் அதிகம் இறங்கும். நம் மாடிக்கு அது 100 லிட்டர். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு மீட்டர் குழாயைத் தொங்கவிட்டு மூடி போட்டால், மிச்ச அழுக்கு நேரே குழிக்குள் இறங்கி வண்டலாகப் படிந்து, நாளடைவில் குழியை அடைத்துவிடும். 100 லிட்டர் டிரம் வையுங்கள். அடியில் மெதுவாகச் சொட்டும் வால்வு ஒன்று வேண்டும். இல்லையேல் அடுத்த மழைக்கு டிரம் காலியாக இருக்காது.

இடம் இருந்தால் நாங்கள் பரிந்துரைப்பது மழைத் தோட்டத்தைத்தான், அதாவது மாடி நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும்படி செடி நட்ட ஆழமில்லாத பள்ளம். சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, 15 செ.மீ. பள்ளம், 15 சதுர மீட்டர் பரப்பு: அதுவே 2,250 லிட்டர். முதலில் மண்ணைச் சோதியுங்கள். 30 செ.மீ. குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 1 செ.மீ.கூட இறங்காவிட்டால் அந்த இடம் ஆகாது. இரண்டு நாளுக்குள் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

பேவர் பிளாக் பதித்தால் இடுக்கில் களிமண்ணோ சிமென்ட் கலவையோ போடாமல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி சிறு ஜல்லிச் சிப்ஸைக் கொட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, செலவே இல்லாதது. வேலை முடிந்ததும் கொத்தனார் கலவைச் சட்டியையும் கரண்டியையும் வடிகால் மூடிமேல் கழுவுகிறார், பார்த்திருப்பீர்கள். அந்தச் சிமென்ட் நீரின் பி.எச். (அமில-கார அளவு; 7 என்றால் நடுநிலை) 12ஐத் தொடும்; அவ்வளவு காரத்தை மீன் தாங்காது. மண்ணில் ஒரு பள்ளம் தோண்டி அதில் கழுவச் சொல்லுங்கள். கலவை இறுகியபின் கட்டியாக எடுத்துப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
மழைநீர்க் கட்டமைப்புப் பணியாளர்கள்