பணம் போட்டவருக்கு மட்டும்தானா காப்புரிமை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளும் கம்பெனிகளும் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிஎச்டி முடித்த ஒரு பெண்ணுக்குத் தாய்மாமனும்கூட. அதனால் எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது.

அக்கா மகள் இங்கேயே ஓர் அரசுக் கல்லூரியில், பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாவதை முன்கூட்டியே சொல்லும் சென்சாரில் ஆய்வு செய்தாள். ஸ்பான்சர் ஒரு பெரிய கம்பெனி. அவள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். ஆய்வில் உருவாவது எல்லாம், அதிலிருந்து பின்னால் வளர்வதும் சேர்த்து, கம்பெனிக்கே சொந்தம், கட்டுரை வெளியிடவும் அவர்கள் அனுமதி வேண்டும் என்று இருந்தது. கம்பெனி தந்தது சில கருவிகளும் கொஞ்சம் பணமும். லேப், கரண்ட், கைடு சம்பளம், இவளுடைய உதவித்தொகை எல்லாம் அரசுப் பணம், அதாவது நம் வரிப் பணம். கடைசியில் கம்பெனி அந்தத் தயாரிப்பையே கைவிட்டுவிட்டது. காப்புரிமை (பேட்டன்ட்) மட்டும் அவர்களிடம் சும்மா கிடக்கிறது. அவளும் அதைத் தொட முடியாது, எங்களைப் போன்றவர்கள் லைசென்ஸ் கேட்டு எழுதினால் பதிலும் வராது.

நம் 1970 காப்புரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கும் அவரிடமிருந்து எழுதி வாங்கியவருக்கும்தான். ஆக, எல்லாம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் வேறொரு கம்பெனிக்குப் போய் வேலை கற்றபோது போட்ட கையெழுத்தால், எச்ஐவி பரிசோதனைக் காப்புரிமை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பல்கலைக்கழகமே, அந்தக் கம்பெனியின் உரிமையைப் பின்னால் வாங்கிய ரோஷிடம் தோற்றது. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே 1980லேயே பே-டோல் சட்டம் வந்துவிட்டது. நாம் 2008இல் மாநிலங்களவையில் அதேபோல் ஒரு மசோதா கொண்டுவந்து, அப்புறம் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

"ரெண்டு பேர் பேரிலும் இருக்கட்டும், பிரச்சினை இல்லை" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் வெளியே யாருக்கும் லைசென்ஸ் தர முடியாது என்கிறது சட்டத்தின் 50வது பிரிவு. கம்பெனிக்குத் தொழிற்சாலை இருக்கிறது, செய்து விற்கும். கல்லூரியிடம் என்ன இருக்கிறது? சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கம்பெனிகளுக்கு எதுவும் தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. லேபில் வேலை செய்த ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர எவ்வளவு பணம் கரையும் என்று தினமும் பார்க்கிறவன் நான். அவர்களுக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள், அவர்கள் துறையில் சில வருடம் வேறு யாருக்கும் தராத தனி லைசென்ஸும் கொடுங்கள். காப்புரிமை மட்டும் கல்லூரியிடம் இருக்கட்டும். மூன்று வருடத்தில் கம்பெனி அதைப் பயன்படுத்தாவிட்டால் லைசென்ஸ் தானாக ரத்தாகட்டும். உரிமையாளர் மறுத்தாலும் பிறர் தயாரிக்க அனுமதி வாங்கும் கட்டாய லைசென்ஸ் சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். 2012இல் நாட்கோ என்ற மருந்து கம்பெனி ஒரு புற்றுநோய் மருந்துக்கு அதை வாங்கியது உண்மைதான். ஆனால் ஒரு சென்சாருக்காக அவ்வளவு பெரிய வழக்கு நடத்த பீன்யாவில் யாரிடம் பணம் இருக்கிறது?

மாணவர்கள் விஷயம் இதைவிட மோசம். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை. கைடு நீட்டும் தாளில் மறுக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் பட்டம் அவர் கையில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைக் கைடும் கம்பெனியும் இல்லாத வேறொருவர் முதலில் மாணவருக்கு விளக்க வேண்டும், படிக்க அவகாசம் தர வேண்டும். கட்டுரையைத் தள்ளிவைப்பதற்கும் ஒரு கெடு வேண்டும். காப்புரிமைக்கு விண்ணப்பம் போடச் சில மாதம் தாராளமாகப் போதும்.

பிரிட்டனில் இதற்கென்றே லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள் யாரும் எடுத்துப் படிக்கும்படி இருக்கின்றன. இங்குள்ள அரசுக் கல்லூரிகள் கம்பெனிகளுடன் எந்த நிபந்தனையில் கையெழுத்துப் போடுகின்றன என்று உங்கள் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டும்.

வாசகர்,
ஜாலஹள்ளி, பெங்களூரு